சம்பளமும் மேல்வரும்படியும்



தமிழில் மேல்வரும்படி என்று ஒரு சொல் உண்டு. பெண் கொடுக்க விரும்பும் வீட்டார் பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று விசாரிப்பார்கள். பிறகு குரலைச் சற்றே தாழ்த்தி, மேல்வரும்படி ஏதேனும் உண்டா என்றும் விசாரிப்பார்கள். கேள்வி ஒன்றுதான், அதற்குள் பொருள் இரண்டு. ஊரில் உள்ள இரண்டு மா நிலத்திலிருந்து நெல் வந்தால் அதுவும் மேல்வரும்படி. காரியம் முடித்துக் கொடுத்ததற்காகக் கை நீட்டி வாங்கினால் அதுவும் மேல்வரும்படி. இந்த இரண்டாவது வகைக்குச் சம்பளத்தோடு ஓசை ஒத்து வரும்படி "கிம்பளம்" என்றும் நம்மவர் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஒரே சொல் நேர்மையான வருவாயையும் நேர்மையற்ற வருவாயையும் குறிப்பது தற்செயலாக வந்ததன்று. முன்னூறு ஆண்டுக்கால வரலாறு அதற்குப் பின்னே இருக்கிறது. அந்த வரலாற்றின் பெரும்பகுதி சென்னைப் பட்டினத்தின் கடற்கரையில் நடந்தது.

பிழைப்பைத் தேடித் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நமக்கு இந்தப் பொருள் அந்நியமானதன்று. மாதத்தின் முதல் வாரத்தில் வீட்டு வாடகை போகிறது. இரண்டாவது வாரத்தில் ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் போகிறது. மூன்றாவது வாரத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வந்து நிற்கிறது. ஆகவே, அலுவலகம் விட்டு வந்த பிறகு ஒருவர் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். இன்னொருவர் வீட்டில் தோசை மாவு அரைத்து விற்கிறார்கள். மற்றொருவர் சீட்டுப் பிடிக்கிறார். கைப்பேசியிலேயே பங்குகளை வாங்கி விற்பவரும் இப்போது உண்டு. உட்கார்ந்த இடத்தில் மாதந்தோறும் ஏதாவது வந்துகொண்டிருந்தால் நல்லது என்ற எண்ணம் இல்லாத சம்பளக்காரர் அரிது. அந்த எண்ணத்தில் குற்றம் ஒன்றும் இல்லை. அது எங்கே குற்றமாக மாறியது, எங்கே மாறாமல் நின்றது என்று பார்ப்பதே இந்தப் பேச்சின் நோக்கம்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1639-ம் ஆண்டில் சென்னையில் இடம் பெற்றுப் பின் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டியது. அந்தக் கோட்டையில் உத்தியோகப் படிகள் முறையாக அமைந்திருந்தன. அடியில் ரைட்டர் எனப்பட்ட எழுத்தர். அவருக்கு மேல் ஃபாக்டர். அதற்கும் மேல் இளைய வியாபாரி, மூத்த வியாபாரி. எழுத்தருக்கு ஆண்டுச் சம்பளம் ஐந்து பவுன். ஆண்டு முழுவதற்கும் ஐந்தே பவுன்! மூத்த வியாபாரிக்கு நாற்பது பவுன் அளவில். உண்ண உணவும் தங்க இடமும் கம்பெனி கொடுத்தது உண்மைதான். ஆயினும் ஐந்து பவுனுக்காகவா ஓர் இளைஞன் ஆறு மாதம் கப்பலில் கிடந்து, பாதிப் பேரைக் காய்ச்சல் கொண்டுபோகும் ஊருக்கு வருவான்? 1744-ம் ஆண்டில் ராபர்ட் கிளைவ் சென்னையில் வந்து இறங்கியதும் இந்த ஐந்து பவுன் சம்பளத்துக்குத்தான்.

அவர்களை இழுத்து வந்தது சம்பளமன்று, மேல்வரும்படியே. இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான வாணிபத்தைக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டது. ஆனால் ஆசியத் துறைமுகங்களுக்குள் நடக்கும் வாணிபத்தைத் தன் ஊழியர்கள் சொந்தக் கணக்கில் செய்துகொள்ளப் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அனுமதித்தது. பெகு, மலாக்கா, மணிலா, சீனா ஆகிய இடங்களுக்குச் செல்லும் கப்பல்களில் கோட்டையின் எழுத்தர்கள் பங்கு போட்டார்கள். கைமுதல் இல்லாதவர் பட்டினத்து வணிகர்களிடம் கடன் வாங்கிப் போட்டார். கப்பல் திரும்பி வந்தால் லாபம், வராவிட்டால் கடன். கம்பெனிக்கு இதில் ஒரு சௌகரியம் இருந்தது. ஊழியர்களுக்கு நியாயமான சம்பளம் கொடுக்க வேண்டிய செலவு அதற்கு மிச்சமாயிற்று. ஆனால் அப்படி மிச்சம் பிடித்ததற்குப் பின்னாளில் அது பல மடங்கு விலை கொடுக்க நேர்ந்தது.

இம்முறையில் செல்வம் சேர்த்தவர்களில் இருவரை மட்டும் காண்போம். எலிஹு யேல் என்பவர் 1672-ம் ஆண்டில் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்தார். சொந்த வாணிபத்துக்காகப் பதவியைப் பயன்படுத்தினார் என்ற புகார்களுக்கு இடையே பதவி இழந்தார். ஆனால் செல்வத்தை இழக்கவில்லை. அமெரிக்காவில் கனெக்டிகட் பகுதியில் இருந்த ஒரு சிறு கல்விச்சாலைக்கு 1718-ம் ஆண்டில் ஒன்பது பொதிச் சரக்குகளையும் 417 நூல்களையும் மன்னரின் படம் ஒன்றையும் அவர் நன்கொடையாக அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. நன்றியறிதலாக அந்தக் கல்விச்சாலை அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. இன்று உலகப் புகழ் பெற்ற யேல் பல்கலைக்கழகம் அதுவே.

மற்றொருவர் தாமஸ் பிட். கம்பெனியின் அனுமதியில்லாமல் வாணிபம் செய்து அதற்குத் தலைவலியாக இருந்தவரையே 1698-ம் ஆண்டில் சென்னைக்குக் கவர்னராகக் கம்பெனி நியமித்தது. 1702-ம் ஆண்டை ஒட்டி, 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரம் ஒன்றை ஜாம்சந்த் என்ற வணிகரிடமிருந்து 48,000 வராகனுக்கு அவர் வாங்கினார். 1717-ம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த ஆர்லியன்ஸ் கோமகனுக்கு அதை 1,35,000 பவுனுக்கு விற்றார். இன்று அது பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கவர்னரின் மேல்வரும்படி, சம்பளத்தைக் காட்டிலும் எத்தனை மடங்கு என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். இந்தப் பிட்டின் குடும்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது மறுபடியும் நம் கதையில் வரும்.

புதுச்சேரியிலும் நிலைமை வேறாக இல்லை. அங்கே நமக்குச் சாட்சி சொல்ல ஒரு தமிழரே இருக்கிறார். டூப்ளே கவர்னராக இருந்த காலத்தில் 1747-ம் ஆண்டு தலைமைத் துபாஷாக ஆன ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-ம் ஆண்டு முதல் நாட்குறிப்பு எழுதி வந்தார். அரசியல் செய்திகளும் ஊர்வம்பும் அதில் எவ்வளவோ, வாணிபக் கணக்கும் அவ்வளவு உண்டு. துணி வாணிபமும் பாக்கு வாணிபமும் அவர் செய்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு கப்பலும் இருந்தது. துபாஷ் உத்தியோகமும் வாணிபமும் அவருக்கு இரு வேறு தொழில்கள் அல்ல. ஒன்றன் செல்வாக்கில் மற்றொன்று நடந்தது. 1756-ம் ஆண்டில் உத்தியோகம் போயிற்று. புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன், 1761-ம் ஆண்டு ஜனவரியில் அவர் காலமானார். அவர் சேர்த்த பொருளில் நமக்கு நிலைத்து நிற்பது அந்த நாட்குறிப்பு ஒன்றே.

இதுவரை சொன்னது கப்பல் வாணிபம். அதில் முதலீட்டுக்கு ஆபத்தும் உண்டு, சிறிது உழைப்பும் உண்டு. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கோட்டை உத்தியோகஸ்தர்களுக்கு அதைக் காட்டிலும் சுலபமான வழி ஒன்று கிடைத்தது. அதுதான் வட்டி. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, போருக்கும் படைக்கும் ஆடம்பரத்துக்கும் ஓயாமல் கடன் வாங்கினார். கடன் கொடுத்தவர்களில் பலர் கம்பெனியின் ஊழியர்களே. ஆண்டுக்கு நூற்றுக்கு இருபதையும் தாண்டிய வட்டி. முதல் திரும்பி வராவிட்டாலும் கவலையில்லை. நவாப் தம் சீமைகளின் நிலவரியையே ஈடாக எழுதிக் கொடுத்தார். கடன் கொடுத்த எழுத்தர் கோட்டைக்குள் உட்கார்ந்திருப்பார். நவாபின் அமுல்தார் கிராமத்தில் களத்து மேட்டில் நிற்பார். உழவன் அறுத்த நெல் வட்டியாக மாறிச் சென்னைக்குப் போகும்.

இதன் உச்சம் தஞ்சையில் நடந்தது. 1773-ம் ஆண்டில் கம்பெனியின் படைத்துணையோடு நவாப் தஞ்சையைக் கைப்பற்றினார். அதன் விளைச்சலைக் கடன்காரர்களுக்கு ஈடு வைத்தார். இது தகாது என்று லண்டன் இயக்குநர்கள் தஞ்சையை அதன் மன்னர் துளஜாவிடமே திருப்பித் தர ஆணையிட்டார்கள். அதை நிறைவேற்ற 1776-ம் ஆண்டில் பிகட் பிரபு தஞ்சைக்குப் போனார். அவ்வளவில் பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர், தஞ்சையின் வருவாயிலும் அங்குள்ளவர்களிடமிருந்தும் தமக்கு வரவேண்டியது மொத்தம் 2,34,000 பவுன் என்று மனுக் கொடுத்தார். சில நூறு பவுன் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு இவ்வளவு பணம் எப்படி வந்தது? கவர்னர் அந்த மனுவை ஏற்கவில்லை. ஆனால் ஆலோசனை சபையில் பெரும்பான்மையோர் பென்ஃபீல்டின் பக்கம் நின்றார்கள். அவர்களில் சிலருக்கும் நவாபின் கடன் பத்திரத்தில் பங்கு இருந்தது. 1776-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ம் தேதி மாலையில் கவர்னரையே அவர்கள் கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதத்தில் காவலிலேயே பிகட் பிரபு இறந்தார். மேல்வரும்படிக்காகக் கீழ் உத்தியோகஸ்தர்கள் தங்கள் கவர்னரையே சிறைவைத்த சம்பவம் வேறு எங்கேனும் நடந்திருக்கக்கூடும். நமக்குத் தெரிந்தது சென்னையில் நடந்தது.

கதை அதோடு நிற்கவில்லை. 1784-ம் ஆண்டில் லண்டனில் பிரதமராக இருந்தவர் இளைய வில்லியம் பிட். வைரம் விற்ற கவர்னர் பிட்டின் கொள்ளுப்பேரன். கம்பெனியை அடக்கி வைக்க அவர் ஒரு சட்டம் இயற்றினார். அதே வேளையில் அவருடைய அரசு ஆர்க்காட்டுக் கடன்களைத் தக்கபடி விசாரிக்காமல் செல்லும் என்று ஒப்புக்கொண்டது. இதைக் கண்டித்து எட்மண்டு பர்க் 1785-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி பாராளுமன்றத்தில் நிகழ்த்திய பேச்சு புகழ் பெற்றது. கடன் பத்திரத்தை நவாப் கையெழுத்திட்டுத் தந்தாலும், அதை இறுதியில் அடைப்பவன் கர்நாடகத்து உழவனே என்பது பர்க்கின் வாதத்தின் சாரம். வாக்கெடுப்பில் அவர் தோற்றார். அந்தக் கடன்களை விசாரித்து முடிக்கப் பின்னர் ஒரு குழு அமைக்கப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பல ஆண்டுகள் உழைத்தது. நவாப் பெயரில் கோரப்பட்ட தொகையில் சிறு பகுதியே உண்மைக் கடனாகத் தேறியது.

இந்த அனுபவங்களுக்குப் பிறகுதான் ஒரு பழைய உண்மை ஆட்சியாளருக்குப் புலப்பட்டது. ஒருவனுக்கு அதிகாரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பிழைக்கும் வழியை அவனே தேடிக்கொள்ளட்டும் என்று விடக்கூடாது. 1786-ம் ஆண்டில் வந்த காரன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் கலெக்டருக்கு மாதம் 1,500 ரூபாய் சம்பளமும் வசூலில் ஒரு சிறு வீதமும் நிர்ணயித்து, சொந்த வாணிபத்தைத் தடை செய்தார். நல்ல சம்பளம், அதற்குமேல் வேறு வியாபாரம் இல்லை என்ற கொள்கை அப்போது வேரூன்றியது. ஆனால் அந்த நல்ல சம்பளம் வெள்ளையருக்கு மட்டுமே. உயர்ந்த உத்தியோகங்களிலிருந்து இந்தியர் விலக்கி வைக்கப்பட்டார்கள். கீழே இருந்த குமாஸ்தாவுக்கும் சேவகனுக்கும் சம்பளம் குறைவாகவே இருந்தது; அதிகாரம் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஐந்து பவுன் எழுத்தரின் நிலை அவர்களுக்கு வந்து சேர்ந்தது. கிம்பளம் என்ற சொல்லுக்குப் பொருள் தடிக்கத் தொடங்கியதும் அந்தச் சூழலில்தான் என்று கொள்ளலாம்.

அந்தச் சூழலிலும் தலை நிமிர்ந்து நின்றவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரை என் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் தம் முன்னோராகக் கருதுவது இயல்பு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826-ம் ஆண்டில் பிறந்தவர். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் பதிவேடு காப்பவராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, 1857-ம் ஆண்டில் முன்சீப் ஆனார். உத்தியோகத்துக்கு வெளியே அவர் செய்த பக்கத் தொழில் எழுத்து. 1859-ம் ஆண்டில் வெளியிட்ட நீதிநூலில் கைக்கூலி வாங்குவோரைக் கண்டிக்க ஓர் அதிகாரமே வைத்தார். சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி வெளியிட்டு, ஆங்கிலம் அறியாத வழக்காளிகளுக்கு உதவினார். 1879-ம் ஆண்டில் தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை அச்சேற்றினார். 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தில் கைப்பொருளைக் கஞ்சித் தொட்டிகளுக்குச் செலவிட்டார். நீதிமன்றத்தில் பெற்ற அறிவை நீதிமன்றத்துக்கு வெளியே பயன்படுத்தினார். நீதிமன்றத்தில் பெற்ற செல்வாக்கை அப்படிப் பயன்படுத்தவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது; ஆனால் அனைத்தும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

எல்லோரும் நூல் எழுத முடியாது. சாதாரணக் குமாஸ்தாவுக்கு நேர்மையான மேல்வரும்படி எங்கிருந்து வரும்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை இதற்கு ஒரு விடை கண்டுபிடித்தது. பலர் கூடி மாதந்தோறும் ஒரு சிறு தொகை செலுத்துவார்கள். தேவைப்படும் உறுப்பினர் தக்க ஈட்டின் மேல் அதிலிருந்து கடன் பெறுவார். அவர் தரும் வட்டி மற்ற உறுப்பினர்களுக்கே லாபமாகும். இவையே நிதிகள் எனப்பட்டன. 1872-ம் ஆண்டில் தோன்றிய மயிலாப்பூர் இந்து பெர்மனெண்டு ஃபண்டு இவ்வகையில் பேர் பெற்றது. பென்ஃபீல்டின் வட்டியை முகம் தெரியாத உழவன் கட்டினான். நிதியின் வட்டியைப் பக்கத்துத் தெருக்காரர் தாமே ஒப்புக்கொண்டு கட்டினார். அவர் வீட்டுக் கல்யாணமும் அதனால் நடந்தது.

1882-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி சர்க்கார் தபாலாபீஸ் சேமிப்பு வங்கியைத் திறந்தது. வட்டி குறைவு, ஆனால் முதலுக்கு மோசமில்லை. 1884-ம் ஆண்டில் தபால் ஊழியருக்கென ஆயுள் காப்பீடும் வந்தது. ஆயினும் குறைந்த வட்டியில் நமக்குத் திருப்தி ஏற்படுவது அரிது. சென்னையில் ஆர்பத்நட் கம்பெனி என்றால் கோட்டைக்கு அடுத்த உறுதி என்று மக்கள் நம்பியிருந்தார்கள். ஓய்வூதியக்காரரும் குமாஸ்தாக்களும் விதவைகளும் வட்டியை நம்பி அதில் பணம் போட்டார்கள். அந்தப் பணம் லண்டனில் சூதாட்டம் போன்ற வாணிபங்களில் கரைந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. 1906-ம் ஆண்டு அக்டோபர் 22-ம் தேதி கம்பெனி கதவை மூடியது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அதனால் பணம் போட்டவர் பணம் முழுவதும் திரும்பி வந்துவிடவில்லை. நம் பணத்தை நாமே பாதுகாக்க வேண்டும் என்ற உணர்ச்சி பெருகியது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயல, 1907-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ம் தேதி இந்தியன் வங்கி தொழில் தொடங்கியது. அதற்கு மூன்று ஆண்டு முன்னே, 1904-ல், திருவல்லிக்கேணியில் பதினான்கே உறுப்பினர்களோடு நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியிருந்தது. வருவாயைப் பெருக்க ஒரு வழி செலவைச் சுருக்குவது என்பதை அந்தச் சங்கத்தின் மளிகைக் கடைகள் பல குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தன.

தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு வடக்கே ரயிலேறிய நம்மவர்கள், ஊறுகாய் ஜாடியோடு இந்தப் பழக்கங்களையும் கொண்டு வந்தார்கள். நான் தில்லிக்கு வந்த புதிதில், எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் இருபது பேரை வைத்து ஏலச்சீட்டு நடத்தி வந்தார். பத்திரம் இல்லை, பதிவு இல்லை. ஒரு பழைய டயரியும் அவருடைய வாக்கும்தான். ஏழாம் சீட்டுக்குள் எடுத்த மூவர், பணம் கைக்கு வந்ததும் தவணையை நிறுத்திவிட்டார்கள். அந்த வேளையில் பெரியவருக்கு வெளியூர் மாற்றல் உத்தரவும் வந்தது. அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. மனைவியின் வளையல்களை விற்று, எஞ்சியவர்களுக்குக் காசு குறையாமல் கொடுத்துவிட்டு ரயிலேறினார். வழியனுப்பப் போயிருந்த என்னிடம் அந்த அம்மாள், "தம்பி, வளையல் போனது பெரிதில்லை. மூன்று வருஷமாக அவர் நிம்மதியாகத் தூங்கவில்லை. அதுதான் நஷ்டம்" என்றார். உட்கார்ந்த இடத்தில் வரும் வருவாய் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதற்காக யாரோ ஒருவர் உறங்காமல் இருக்கிறார் என்பது எனக்கு அன்று விளங்கிற்று. சீட்டு நிதிகளுக்கு 1982-ம் ஆண்டில் மத்தியச் சட்டம் வந்ததும், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்ததும் இத்தகைய பல்லாயிரம் அனுபவங்களின் விளைவு.

அரசு ஊழியருக்கு இன்னும் நெருக்கமான ஒரு வரம்பு இருக்கிறது. சுதந்திர இந்தியாவில் 1955-ம் ஆண்டிலும், பின்னர் 1964-ம் ஆண்டிலும் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் வகுக்கப்பட்டன. 1964-ம் ஆண்டு விதிகளே திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது சென்னைக் கோட்டையின் பழங்கதை ஒவ்வொரு வரிக்குப் பின்னும் நிழலாடுவது எனக்குத் தெரிகிறது. முன் அனுமதியின்றி வாணிபமோ வேறு வேலையோ கூடாது என்கிறது பதினைந்தாம் விதி. அது யேலின் கப்பலை நினைவூட்டுகிறது. குடும்பத்தார் நடத்தும் காப்பீட்டு முகவாண்மைக்காக ஊழியர் ஆள் பிடிக்கக் கூடாது. குடும்பத்தார் தொழில் நடத்தினால் அதைத் தெரிவிக்க வேண்டும். மேசைக்கு எதிரே நிற்பவன், மேசைக்காரரின் மனைவியிடம் பாலிசி எடுத்தால் காரியம் நடக்கும் என்று எண்ண இடம் கொடுக்கக் கூடாது என்பதே அதன் கருத்து. வட்டிக்குக் கடன் கொடுக்கக் கூடாது, பங்குச் சந்தையில் ஊக வாணிபம் செய்யக் கூடாது என்கிறது பதினாறாம் விதி. அங்கே பென்ஃபீல்டு நிற்கிறார். அடிக்கடி வாங்கி விற்பதே ஊக வாணிபமாகக் கொள்ளப்படும் என்று அதே விதி சொல்வதைக் கைப்பேசியில் பங்கு வியாபாரம் செய்யும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். எப்போதோ ஒரு முறை சேமிப்பை முறைப்படி பங்கில் முதலீடு செய்வதற்குத் தடையில்லை.

விதிகள் கதவுகளை மூடுவதோடு நிற்கவில்லை; சிலவற்றைத் திறந்தும் வைத்திருக்கின்றன. உத்தியோகக் கடமைக்குக் குறைவு நேராதபடி, அவ்வப்போது இலக்கியம், கலை, விஞ்ஞானம் சார்ந்த பணிகளைச் செய்யலாம். ஊதியமில்லாத சமூகப் பணி செய்யலாம். ஊழியர்களின் நன்மைக்கான கூட்டுறவுச் சங்கத்தை நடத்துவதில் பங்கு கொள்ளலாம். வேதநாயகம் பிள்ளையின் கதவும் திருவல்லிக்கேணிச் சங்கத்தின் கதவும் நமக்குத் திறந்தே இருக்கின்றன.

இந்தத் திறந்த கதவு எவ்வளவு அகலமானது என்பதற்கு இரு தமிழ் உத்தியோகஸ்தர்களின் வரலாறு போதும். முதலாமவர் ஸ்ரீநிவாஸ ராமானுஜன். 1912-ம் ஆண்டு மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். அவருடைய பக்கத் தொழில் கணிதம். அதிலிருந்து அப்போது ஒரு காசும் வரவில்லை. அவருடைய நற்பேறு, மேலதிகாரியான நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவராக இருந்தது. இருவரும் மாலை வேளைகளில் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டில் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தது. அதற்கு அடுத்த ஆண்டு அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார்.

மற்றவர் நம்மைப்போல் வெளி மாநிலத்துக்குப் பிழைக்க வந்தவர். சந்திரசேகர வெங்கட ராமன் 1907-ம் ஆண்டில் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தார். போகும் வழியில் பௌபஜார் தெருவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்ற பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. அன்று முதல், ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிப் போயிருந்த இடைக்காலம் நீங்கலாக, அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அந்தக் கழகத்தின் ஆய்வுக்கூடமே அவருடைய இடமாயிற்று. 1917-ம் ஆண்டில் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி வந்தபோது, சம்பளம் குறைவு என்று தெரிந்தே சர்க்கார் உத்தியோகத்தை விட்டார். பக்கத் தொழில் முதல் தொழில் ஆயிற்று. 1930-ம் ஆண்டில் நோபல் பரிசு வந்தது.

எல்லோரும் ராமானுஜனும் ராமனும் ஆக முடியாது என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. வாடகைக்கு உதவுவது மேதைமை அன்று, பணமே. உண்மைதான். மாலையில் இரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதும், அதற்கு வேண்டிய அனுமதி பெற்றுக்கொள்வதும், அஞ்சலகத்தில் மாதந்தோறும் சேமிப்பதும் கௌரவமான காரியங்களே. ஆனால் ஒரு புதிய வருவாய் வாசற்படியில் வந்து நிற்கும்போது, உள்ளே விடுமுன் அதனிடம் மூன்று கேள்விகள் கேட்க நம் வரலாறு கற்றுத் தருகிறது. இது யாருடைய நேரத்தில் சம்பாதித்தது? யாருடைய செல்வாக்கில் சம்பாதித்தது? உட்கார்ந்தபடி நான் வாங்கும் இந்தக் காசுக்காக எங்கே யார் நின்றுகொண்டிருக்கிறார்?

கோட்டையின் எழுத்தர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால் தஞ்சை உழவனின் களத்தில் நெல் மிஞ்சியிருக்கும். பெண் கொடுக்க வரும் பெரியவர்கள் மேல்வரும்படியைப் பற்றிக் குரலைத் தாழ்த்தாமலே கேட்கவும், பிள்ளை வீட்டார் குரலைத் தாழ்த்தாமலே விடை சொல்லவும் முடிந்தால், அந்த வருவாய் நல்ல வருவாய் என்று நாம் நம்பலாம்.